திங்கட்கிழமை ஏழே முக்கால் விமானம்

டார்லின் அப்பாத்துரையின் குடும்பத்தில் மொத்தம் பதினொரு பேர் வாத்தியார்கள். அப்பா, அம்மா, அத்தைமார் இரண்டு பேர், சித்தப்பாமார் மூன்று பேர், அந்தச் சித்தப்பாமாரைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் மூன்று பேர், போன வருஷம் பி.எட். முடித்த அண்ணன் ஒருவன். அந்த வீட்டில் சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்றால்கூட கையைத் தூக்கிவிட்டுத்தான் கேட்கவேண்டும். பன்னிரண்டாவது வாத்தியார் டார்லின்தான் என்று, அவள் புள்ளியியலில் எம்.எஸ்சி. தேறிய அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவளோ அதற்குப் பயந்து ஒரு விமானக் கம்பெனியில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

விமானக் கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பொருநை ஏர்வேஸுக்கு இருந்தவை இரண்டே விமானங்கள். தலைமை அலுவலகம் வண்ணார்பேட்டையில் ஒரு பஸ் ஷெட்டின் மாடி. முதலாளி ஞானசம்பந்தன் அண்ணாச்சிக்கு அம்பாசமுத்திரம், ராதாபுரம், திசையன்விளை என்று நாலு திசையிலும் நாற்பத்திரண்டு பஸ்கள் ஓடின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இனிமேல் தனியார் யார் வேண்டுமானாலும் விமானம் விடலாம் என்று டெல்லியில் சொன்னார்கள். யார் வேண்டுமானாலும் என்றால் நம்மைத்தான் சொல்லுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுகிற ஆள் ஊருக்கு ஒருவர் இருப்பார். திருநெல்வேலிக்கு அண்ணாச்சி இருந்தார்.

எங்கோ ஒரு குளிர் தேசத்தில் இருபது வருஷம் ஓடிக் களைத்த இரண்டு விமானங்களை வாங்கி வந்து காந்திமதி, நெல்லையப்பர் என்று பேர் வைத்து வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து மெட்ராஸுக்கு விட்டார். ஆளுக்கு இரண்டு காற்றாடி, நாற்பத்துநாலு சீட். பெரிய கம்பெனிகளில் எல்லாம் எந்த விமானத்தை எப்போது கழித்துக் கட்டுவது, பதிலுக்கு எதை வாங்குவது என்று யோசிக்க ஒரு தனிப் பிரிவே உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டு, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தப் பிரிவு டார்லின்தான். பிரிவுக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டருக்கு ஒரு பூப்போட்ட துணி உறை. குடும்ப வரலாறு தெரிந்த அலுவலகத்தார் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடரியில் கை வைத்து ஒன்பதாம் வகுப்பை நோக்கித் தள்ளுகிற மாதிரி இருக்கும்.

தொண்ணூற்று ஐந்தின் கடைசியில் காந்திமதிக்குக் கெடு வந்தது. விமானத்துக்கு வயதை வருஷத்தால் எண்ணுவதில்லை, ஏறி இறங்கிய எண்ணிக்கையால்தான் எண்ணுவார்கள். தூரதேசம் போகிற விமானம் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்குவதற்குள் மெட்ராஸ் விமானம் நாலுமுறை ஏறி இறங்கிவிடும். அந்தக் கணக்கில் காந்திமதி கிழவி. வரும் மார்ச்சுக்குள் அவளை முழுக்கப் பிரித்துக் கோர்க்கவேண்டும், அந்தச் செலவுக்கு அவள் பெறமாட்டாள். ஒரு வருஷம் கழித்து நெல்லையப்பருக்கும் அதே கதி. இரண்டையும் கழித்துவிட்டு ஒரே வகையில் இரண்டு புது விமானங்களை வாடகைக்கு எடுப்பதுதான் வழி என்று டார்லின் திட்டம் எழுதினாள். ஒரே வகையாக இருந்தால் ஒரே உதிரிபாகம், ஒரே மெக்கானிக், எந்த பைலட்டும் எதையும் ஓட்டலாம்.

அண்ணாச்சி திட்டத்தை வாசித்துவிட்டு, வாடகைக்கு எதற்கு, சேசிஸை மட்டும் வாங்கினால் பாடியைக் கரூரில் கட்டிக்கொள்ளலாமே என்று கேட்டார். நாற்பத்திரண்டு பஸ்ஸையும் அவர் அப்படித்தான் வாங்கியிருந்தார். விமானத்தில் சேசிஸ் வேறு பாடி வேறு கிடையாது என்று புரியவைக்க டார்லினுக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள், அப்படியானால் ஒரு பெரிய ஜெட்டாக வாங்கிவிடுவோம் என்றார். அவள் அவரைக் காரில் ஏற்றி வாகைக்குளம் ஓடுதளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கூட்டிப்போனாள். கார் அதற்குள் மூன்றாவது கியர்கூட மாறவில்லை. ஜெட் வாகைக்குளத்தில் இறங்கினால் புதுக்கோட்டையில் போய்த்தான் நிற்கும் என்றாள். சரி, காற்றாடியே இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. விமானத்தை வாடகைக்கு விடும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பம்பாயில் ஓர் ஏஜெண்டை வைத்திருந்தது. அவர் பேர் பாக்கியசீலன். இந்தப் பக்கத்து நாசரேத்துக்காரர், பம்பாய்க்குப் போய் முப்பது வருஷம் ஆகிறது. காலையோ மாலையோ எந்த விமானமானாலும், நூறு சீட் பறந்தால் அதில் அறுபத்தைந்திலாவது ஆள் இருக்கவேண்டும், அதற்குக் குறைந்தால் புது விமானம் தரமாட்டோம் என்று எழுதியிருந்தார். ஜனவரிக் கடைசியில் நேரில் பார்க்க வருவதாகவும் எழுதியிருந்தார். பொருநை ஏர்வேஸின் காலை விமானக் கணக்கோ நாற்பத்தொன்பதில் நின்றது. அண்ணாச்சி நீட்டி முழக்கவில்லை. விமானம் வந்தால் ஓட்டுவோம், வராவிட்டால் காந்திமதியோடு கடையைக் கட்டிவிட்டுப் பஸ்ஸைப் பார்ப்போம் என்றார். கடையைக் கட்டினால் டார்லின் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே ஒன்பதாம் வகுப்பு சாக்பீஸோடு உட்கார்ந்திருந்தது.

அவள் அட்டவணைகளைப் பரப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஞாயிறு தவிர தினமும் மெட்ராஸுக்கு இரண்டு விமானம். மாலை ஐந்து மணி விமானத்தில் எள் போட்டால் எள் விழாது. காலை விமானத்துக்கு, மெட்ராஸில் இறங்கக் கிடைத்த நேரத்தை ஒட்டி, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம். செவ்வாயும் வியாழனும் நன்றாக ஓடின. திங்கள் ஏழே முக்கால், புதன் பன்னிரண்டே கால், வெள்ளி பத்தே முக்கால், சனி ஒன்பதே கால், இந்த நாலு மட்டும் படுத்துக் கிடந்தன. அதிலும் திங்கட்கிழமை மகா மோசம். அறுபது பேர் டிக்கெட் வாங்குவார்கள், பதினொரு பேர் ஏறுவார்கள். வராமல் போகிறவர்களுக்காகக் கூடுதலாக டிக்கெட் விற்பது எல்லா விமானக் கம்பெனியும் செய்வதுதான். ஆனால் கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் ஓடுகிற மாதிரி இப்படி மொத்தமாகக் காணாமல் போகிற பயணிகளை அவள் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. ரயில் அட்டவணையோடு ஒப்பிட்டாள். மழையோடு ஒப்பிட்டாள். பாவூர்சத்திரம் சந்தை நாளோடும், பென்ஷன் தேதியோடும், உவரியில் மீன்பாடு உள்ள நாளோடும் ஒப்பிட்டாள். ஒருநாள் வெறுத்துப்போய்ப் பள்ளிக்கூடப் பரீட்சை அட்டவணையோடும் ஒப்பிட்டாள். ஒன்றும் ஒட்டவில்லை. இன்னும் நாலு வாரம்தான் இருந்தது.

ஜனவரி முதல் திங்கட்கிழமை, ஷெட்டிலிருந்து புறப்பட்ட முதல் பஸ்ஸில் ஏறி ஏழு மணிக்கெல்லாம் வாகைக்குளத்தில் போய் இறங்கினாள். இறங்கியவளுக்கு முதலில் கண்ணில் பட்டது விமான நிலைய வாசலில் நின்ற கூட்டம். ஐம்பது பேர் இருக்கும். பட்டு வேட்டி, சரிகைச் சேலை, சூட்கேஸ், பூக்கூடை, ஒரு ஜோடி குத்துவிளக்கு. எல்லோர் கையிலும் பொருநை ஏர்வேஸ் டிக்கெட். எதிரே வேப்பமரத்தடியில் பீர் முகம்மதுவின் டீக்கடை. அத்தனை பேரும் அங்கே டீ குடித்துக்கொண்டு, காந்திமதியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழே முக்காலுக்குப் பதினொரு பேர் மட்டும் போய் ஏறினார்கள். கதவு மூடியது. காந்திமதி கிளம்பிப் போய்விட்டாள். நின்றவர்கள் யாரும் பதறவில்லை. ஒருவர் இன்னொரு டீ சொன்னார்.

டார்லின் ஓட்டமும் நடையுமாகக் கவுண்டருக்குப் போனாள். கவுண்டரில் இருந்த நாறும்பூநாதன் பதறாமல் ஒவ்வொரு பேருக்கும் நேரே வரவில்லை, வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு ஊரே நிற்கிறது, வரவில்லை என்று எழுதுகிறாயே என்று அவள் கேட்டாள்.

"வந்தாவ. ஏறலல்லா?" என்றான் நாறும்பூநாதன். "ஏழரையிலேர்ந்து ஒம்பது வரைக்கும் ராகு காலம் டீச்சர். அந்த நேரத்துல யாரு ஏறுவா? இவியள சாயங்காலம் அஞ்சு மணிக்கும், மிச்சப் பேர நாளைக்கு காலையிலயும் ஏத்தி விட்ருவேன். எப்பமும் அப்படித்தான நடக்கு."

ராகு காலம் என்று ஒன்று உண்டு என்பது டார்லினுக்குத் தெரியும். அது எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்பது தெரியாது. அவள் வீட்டுக் காலண்டரில் தேதிக்குக் கீழே அன்றன்றைக்கு ஒரு பைபிள் வசனம்தான் இருக்கும். அவள் கைப்பையிலிருந்து தாளை எடுத்து மற்ற நாள்களையும் கேட்டாள். நாறும்பூநாதன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். புதன் பன்னிரண்டு முதல் ஒன்றரை. வெள்ளி பத்தரை முதல் பன்னிரண்டு. சனி ஒன்பது முதல் பத்தரை. டார்லின் அங்கேயே எடை பார்க்கும் மேடையின்மேல் உட்கார்ந்துவிட்டாள். முள் ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது. மெட்ராஸ் ஆபீஸ் நேரம், அங்கே மாறவேண்டிய விமானம் என்று பார்த்துப் பார்த்துத் தானே போட்ட அட்டவணையில், ஆறு நாளில் நாலு நாளைக் கொண்டுபோய்ச் சரியாக ராகு காலத்துக்குள் வைத்திருக்கிறாள். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டால், எல்லோருக்கும் தெரிந்ததை யார் தனியாகச் சொல்வார்கள் என்பதுதான் நாறும்பூநாதனின் பதில். அண்ணாச்சியிடம் கேட்டபோது அவர் வேறு விதமாகத் திகைத்தார். முப்பது வருஷமாக பஸ் விடுகிறார், ராகு காலத்தில் பஸ் காலியாக ஓடி அவர் பார்த்ததில்லை. தொங்கிக்கொண்டு போவார்கள். விமானமும் பஸ்தானே, கொஞ்சம் உயரமாகப் போகிறது என்று நினைத்திருக்கிறார்.

பயணிகளின் நியாயம் வேறு. அதை டார்லின் வேப்பமரத்தடியில் நின்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டை விட்டு ஆறு மணிக்கே நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டீர்களே, பிறகென்ன என்று கேட்டதற்கு ஒரு பெரியவர், பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அது சரி, அவை மண்மேலேயே போகின்றன, மண்ணை விட்டுக் கிளம்புகிற வண்டிக்கு மண்ணை விடுகிற நேரம்தான் புறப்பாடு என்றார். அவர் கூட நின்ற மச்சினர், இல்லை, கதவைச் சாத்துகிற நேரம்தான் கணக்கு என்றார். இன்னொருவர் மேகத்தைத் தாண்டுகிற நேரம் என்றார். சண்டை முற்றிக்கொண்டே போனது. எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத ஒரு சட்டத்தை வாகைக்குளத்து வேப்பமரத்தடியில் கூடி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் அந்தப் பதினொரு பேர் எப்படி ஏறினார்கள்? இந்தக் கேள்விதான் டார்லினைக் கரையேற்றியது. பீர் முகம்மது கடையின் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே பெஞ்சுக்கு அடியில் இடம் காலியாகக் கிடந்தது. அந்தப் பதினொரு பேரும் முந்தின நாள் நல்ல நேரம் பார்த்துத் தங்கள் பையை அவர் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பரஸ்தானம். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நல்ல நேரத்தில் தங்கள் சாமான் ஒன்றை வேறொருவர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. பீர் முகம்மது இதற்குக் காசு வாங்குவதில்லை. அவர்கள் டீ குடிக்கிறார்களே, போதாதா என்றார்.

டார்லினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாரக்கணக்காக அவள் மழையையும் சந்தையையும் பென்ஷனையும் கட்டிப் புரண்டிருக்கிறாள், விடை டீக்கடை பெஞ்சுக்கு அடியில் இருந்திருக்கிறது. அட்டவணையை மாற்றலாம் என்றால் டெல்லியில் ஒப்புதல் வாங்க மூன்று மாதம் ஆகும். பையை மாற்ற யாரிடமும் ஒப்புதல் வேண்டாம். வண்ணார்பேட்டை ஷெட்டில் பஸ் பார்சல் ஆபீஸ் என்று அரைக் கட்டடம் சும்மா கிடந்தது. முந்தின நாள் காலையிலிருந்து எந்த நல்ல நேரத்திலும் பயணிகள் அங்கே பை கொண்டுவந்து தரலாம், பை விடியலில் பஸ்ஸில் போய் விமானத்தில் ஏறிவிடும், பயணம் தொடங்கிய நேரம் என்று சீட்டில் முத்திரை குத்தித் தரப்படும் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தாள்.

பிறகு நடந்ததை அவளாலேயே நம்ப முடியவில்லை. முதல் புதன்கிழமைக்கு இருபத்தாறு பை. வெள்ளிக்கிழமைக்கு முப்பத்தெட்டு. தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்ததும் பார்சல் ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. சிலர் சூட்கேஸ் கொண்டுவந்தார்கள். சிலர் ஒரு தேங்காயும் வெற்றிலைபாக்கும் போட்ட மஞ்சள் பையை மட்டும் கொண்டுவந்தார்கள். நாற்பது மஞ்சள் பைகளைப் பார்த்த பைலட் இவை யாருடையவை என்று கேட்க, பயணிகள் ஒவ்வொருவராக வந்து, அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல் இருந்த நாற்பதில் தங்கள் பையைத் தொட்டுக் காட்டிவிட்டு ஏறினார்கள். ஒருவர் நல்ல நேரம் கடைசி ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது என்று பதறிப்போய், கையில் வேறொன்றும் இல்லாமல், போட்டிருந்த செருப்பில் ஒன்றைப் பரஸ்தானமாக வைத்துவிட்டுப் போனார். நாறும்பூநாதன் அதற்கும் முத்திரை குத்தினான். மூன்று வாரத்தில் நாலு காலை விமானங்களும் நிரம்பின. டார்லின் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள், காரணமில்லாமல் இறங்கி மறுபடியும் ஏறினாள்.

பாக்கியசீலன் ஜனவரிக் கடைசி சனிக்கிழமை வந்தார். சனிக்கிழமை ஒன்பதே கால் விமானம் ஒரு சீட் மிச்சமில்லாமல் கிளம்புவதைத் தன் கண்ணால் பார்த்தார். பார்த்தவர் மகிழ்ந்து போகவில்லை. மூன்று மாதமாகப் பதினொன்று, பன்னிரண்டு என்று கிடந்த கணக்கு, தான் வருகிற சமயம் பார்த்து நாற்பத்துநாலுக்குத் தாவியது எப்படி என்று கேட்டார். டார்லின் ராகு காலத்திலிருந்து ஒற்றைச் செருப்பு வரை விளக்கினாள். அவர் நாசரேத்தில் பிறந்தவர், பம்பாயில் பழுத்தவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அண்ணாச்சியிடம் எத்தனை கண்டக்டர்கள் வேலை பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். நூற்றுச் சொச்சம் என்றார் அண்ணாச்சி, பெருமையாக. பாக்கியசீலன் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் டார்லினுக்குப் புரிந்தது. பஸ் கண்டக்டர்களுக்குப் பட்டு வேட்டி கட்டிவிட்டு உட்காரவைத்திருக்கிறோம் என்று நினைக்கிறார். அவர் திங்கட்கிழமை ஏழே முக்கால் விமானத்தில் ஏறி மெட்ராஸ் வழியாகப் பம்பாய்க்குத் திரும்பவிருந்தார். புது விமானங்கள் இரண்டுக்கும் வேறொரு ஊரில் ஆள் காத்திருப்பதால் திங்கட்கிழமையே தன் பதிலைச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். பதில் என்னவென்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போது டார்லினுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அறுபது. திங்கட்கிழமைக்கு எப்போதும்போல அறுபது டிக்கெட் விற்பதாக ஏற்பாடு. வரவிருக்கும் வாரங்களுக்கு அதைக் குறைத்துவிட்டாள். நாளைய விமானத்துக்கோ டிக்கெட் ஒரு மாதத்துக்கு முன்பே விற்றாகிவிட்டது. சீட் நாற்பத்துநாலு. கடைசி ஜெபத்துக்குக் காத்திராமல் பார்சல் ஆபீஸுக்கு ஓடினாள். சாயங்காலம் வரை எண்ணிப் பார்த்ததில், பை வைத்தவர்களும் பாக்கியசீலனுமாக ஐம்பத்தொரு பேர். வீடு வீடாக ஆள் அனுப்பியும், தானே போய்க் கெஞ்சியும், ஆறு பேரைத் திங்கள் மாலை விமானத்துக்குச் சம்மதிக்க வைத்தாள். அண்ணாச்சி வீட்டில் மத்தியானச் சாப்பாடு என்றதும் அதில் நாலு பேர் உடனே மடங்கினார்கள். ஆனால் ஏழாவது ஆளாக ஒருவரும் கிடைக்கவில்லை.

திங்கள் காலை ஏழேகாலுக்கு வாகைக்குளத்தில் நாற்பத்தைந்து பேர் நின்றார்கள். வரிசையில் கடைசி ஆள் ராதாபுரத்துக்காரர். மெட்ராஸில் அன்று சாயங்காலம் மருமகளுக்கு நிச்சயதார்த்தம், தாய்மாமன் அவர்தான். கையில் சீர்ச் சேலை. அவருக்கு முன்னால் தோல்பெட்டியோடு பாக்கியசீலன்.

அண்ணாச்சி டார்லினைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ராதாபுரத்தாரை இறக்கிவிடு, நம்ம காரைக் கொடுத்து மெட்ராஸுக்கு அனுப்பிவைப்போம் என்றார். கார் போய்ச் சேர்வதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்து இலை எடுத்திருப்பார்கள் என்றாள் டார்லின். அப்படியானால் வேறு யாரையாவது இறக்கு, ஏஜெண்டை மட்டும் தொடாதே என்றார் அண்ணாச்சி. டார்லினுக்கும் அதே பயம்தான். அந்த ஆளைக் கோபப்படுத்தினால் விமானம் போய்விடும், கம்பெனி போய்விடும், திங்கட்கிழமைகள் எல்லாம் ஒன்பதாம் வகுப்பு முதல் பீரியடில் தொடங்கும்.

"அண்ணாச்சி, அவரு காசு குடுக்காம வாரவரு, விருந்தாளி" என்றாள். "மத்த எல்லாரும் நம்மள நம்பி நேத்தே பை வச்சிருக்காங்க. பயணம் தொடங்கியாச்சுன்னு நாமதான் முத்திரை குத்திக் குடுத்திருக்கோம். அதுல ஒரு பைய இன்னைக்கு கீழ இறக்குனா, நாளைக்கு ஒருத்தரும் வைக்க மாட்டாங்க."

அண்ணாச்சி தூணை விட்டு விலகி வழிவிட்டார்.

டார்லின் நேரே போய் பாக்கியசீலன் முன்னால் நின்று, சார், விமானம் நிறைந்துவிட்டது, உங்களுக்கு சீட் இல்லை என்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். தான் யார் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். ராதாபுரத்தார் சீர்ச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு பேரையும் தாண்டி ஓடிப்போய் ஏறிவிட்டார். கதவு மூடியது. காற்றாடிகள் சுற்றின. காந்திமதி, அந்தக் கிழட்டு உடம்பை ஒரு உலுப்பு உலுப்பிக்கொண்டு, நாற்பத்துநாலு பேரோடு நடு ராகு காலத்தில் மண்ணை விட்டாள்.

விமானம் புள்ளியாகும் வரை பாக்கியசீலன் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டார்லின் பயந்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"முப்பது வருசமா பிளேன் வாடகைக்கு விடுதேன்" என்றார். சிரிப்பில் பம்பாய் கழன்று நாசரேத் வந்துவிட்டிருந்தது. "எனக்குக் காட்டணும்னு கூலிக்கு ஆள் பிடிச்சு உக்காத்தி வச்ச கம்பெனி எத்தனையோ பாத்தாச்சு. உங்களையும் அப்படித்தான் நெனச்சேன். கூலிக்குப் பிடிச்சிருந்தா அதுல ஒருத்தன எறக்கி விட்டுட்டு என்னைய ஏத்திருப்பிய. என்னையவே எறக்கி விட்டுட்டியள்லா. இதுக்கு மேல என்ன அட்டவணை வேணும்?"

அவர் பெட்டியைத் திறந்து சம்மதக் கடிதத்தை எடுத்தார். இரண்டு புது விமானங்கள், ஒன்று மார்ச்சில், ஒன்று அடுத்த வருஷம். இனி அவர் காரில் திருவனந்தபுரம் போய் அங்கிருந்து மத்தியானம் பம்பாய் விமானத்தைப் பிடிக்கவேண்டும், எட்டு மணிக்காவது கிளம்பினால்தான் உண்டு. கையெழுத்தான கடிதம் இன்றைக்கே பம்பாய் போய்ச் சேராவிட்டால் விமானங்கள் அந்த இன்னொரு ஊருக்குப் போய்விடும். அவர் பேனாவை அண்ணாச்சியிடம் நீட்டினார்.

அண்ணாச்சி பேனாவை வாங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழு ஐம்பத்தைந்து. வாங்கிய கை அப்படியே நின்றது. நாற்பத்திரண்டு பஸ்ஸில் ஒன்றைக்கூட அவர் ராகு காலத்தில் கையெழுத்திட்டு வாங்கியதில்லை. ஒன்பது மணிக்கு மேல் போடுகிறேனே என்றார். கார் நிற்காது என்றார் பாக்கியசீலன். கம்பெனி சார்பில் யார் போட்டாலும் செல்லும்தானே என்று அண்ணாச்சி மெல்லக் கேட்டார். செல்லும், பேருக்குக் கீழே பதவியை எழுதவேண்டும் என்றார் பாக்கியசீலன்.

அண்ணாச்சி பேனாவை டார்லினிடம் நீட்டினார்.

"நீ போடு பிள்ள. உனக்குத்தான் அது கெடையாதுல்லா."

"எனக்குப் பதவியே இல்லையே அண்ணாச்சி."

"மேனேஜர்னு எழுது."

சொல்லிவிட்டு அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுதளத்துப் பக்கம் திரும்பி நின்றார். அவர் பார்க்காமல் நடப்பது அவர் கணக்கில் சேராதாம். டார்லின் பெட்டியின்மேல் தாளை வைத்தாள். டார்லின் சாலோமி அப்பாத்துரை என்று முழுப் பேரையும் எழுதினாள், விமானத் திட்ட மேலாளர் என்று கீழே எழுதினாள். அதற்கும் கீழே தேதிக்கும் நேரத்துக்கும் இரண்டு கோடுகள் இருந்தன.

"தேதி மட்டும் போதும். மணிய எழுதிராத" என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே.

காலை ஏழு ஐம்பத்தெட்டு என்று அவள் கொட்டை எழுத்தில் எழுதினாள்.